செல்லும் ஊர்: போ

கேட்டி கெட்டித்தமிழ் மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பேடு ஆறு வருடமாக என் பொறுப்பில் இருக்கிறது. என் பெயர் நசுருதீன். பதவி, துணைச் செயலாளர். விழா நாளில் நாற்காலி அடுக்குவது, மைக் கீச்சிட்டால் திட்டு வாங்குவது, கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் தேதி போட்டு எழுதிவைப்பது, இவைதான் என் வேலை. இதுவரை அந்தக் குறிப்பேட்டை ஒருவரும் படித்ததில்லை. படித்திருந்தால் என்னை எப்போதோ மாற்றியிருப்பார்கள்.

மன்றம் இருப்பது டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில். 'கேட்டியில் வாழ்வோர் கெட்டிக்காரர்' என்பது எங்கள் கொள்கை வாசகம். எழுதியவர் தலைவர் மயில்சாமி. நாலாவது முறையாகத் தலைவராக இருக்கிறார். தேர்தலெல்லாம் முறைப்படிதான் நடக்கும். வேட்புமனுப் படிவம் அவர் வீட்டில் கிடைக்கும். மற்றவர்கள் போய்க் கேட்கிற நாளில் மட்டும் பிரிண்டரில் மை இருக்காது.

இரண்டு வருடங்களுக்கு முன் உறுப்பினர் ஒருவர் மன்றத்தைக் கேட்காமல் சிங்கப்பூர் போய், மன்றத்தைக் கேட்காமலேயே ஒரு மிக்ஸி வாங்கிவந்தார். அது டெக்சாஸ் கரண்டுக்கு ஓடவில்லை. மயில்சாமி மனம் உடைந்துபோனார். மிக்ஸி ஓடாததற்காக அல்ல, தன்னைக் கேட்காததற்காக. "கேட்டியில இருக்கிறவங்க கேட்டுட்டுத்தானே போகணும்?" என்று பொதுக்குழுவில் தழுதழுத்தார். அன்றைக்கே 'வெளிநாட்டுக் கொள்முதல் வழிகாட்டுக் குழு' பிறந்தது. யார் எந்த நாட்டுக்குப் போனாலும் படிவம் 7-அ நிரப்ப வேண்டும். எந்த ஊரில் எந்தக் கடையில் வாங்கலாம் என்று குழு சொல்லும். மற்ற உறுப்பினர்களுக்கு என்னென்ன வாங்கிவர வேண்டும் என்பதையும் குழுவே சொல்லும். ஒத்துழைக்காத குடும்பத்தின் பிள்ளைகளுக்கு மேடை கிடையாது. மன்றத்தின் உயிரே இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு தமிழ் அப்பாவை வேறு எதைச் சொல்லியும் மிரட்ட முடியாது.

அப்படி மாட்டிக்கொண்டவர்தான் நஞ்சுண்டன்.

நஞ்சுண்டன் கோபிசெட்டிபாளையத்துக்காரர். எண்ணெய்க் குழாய்களில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற இன்ஜினியர். தன்மேல் எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் வெடிக்காத மனிதர். எதற்கும் 'ங்க' போடாமல் பேச அவருக்கு வராது. காரில் ஜிபிஎஸ் வலது பக்கம் திரும்பச் சொன்னால் "சரிங்க" என்பார். பக்கத்து சீட்டில் இருந்து நானே கேட்டிருக்கிறேன். எதிர்வீட்டு நாய் காலைக் கவ்வ வந்தபோதும் "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்றுதான் கத்தினார்.

அவர் மகள் வான்மதிக்கு ஒன்பது வயது. ஹூஸ்டனில் பிறந்த பெண். தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இந்த வருடப் பொங்கல் விழாவுக்குத் தலைவரே எழுதி, தலைவரே இயக்கி, தலைவரே மன்னனாக நடிக்கும் 'குடை கொண்ட கொற்றவன்' நாடகத்தில் அவளுக்கு ஒரு வேடம் கிடைத்தது. கதை இதுதான். ஒரு நாட்டில் மன்னனைத் தவிர யாரும் குடை பிடிக்கக் கூடாது. நிழல் வேண்டுமென்றால் அரண்மனைக்கு வந்து அவனைக் கேட்க வேண்டும். ஆடு மேய்க்கிற ஒரு சிறுமி கேட்காமல் குடையை விரிக்கிறாள். மிரட்ட வந்த மன்னனைப் பார்த்து, "என் நிழலை விட்டுத் தள்ளிப் போ!" என்கிறாள். மன்னன் திருந்துகிறான், திரை. இதை எழுதிய மயில்சாமிக்கு, அந்த மன்னனை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அந்த ஒரே வரிதான் வான்மதியின் வசனம். தேங்க்ஸ்கிவிங் விடுமுறையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பல் தேய்க்கும்போது, ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, காரின் பின் சீட்டில். முதல் மூன்று வாரம் 'நிலல்' என்று வந்தது. டிசம்பர் நடுவில் ஒரு நாள், எச்.இ.பி. சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தும்போது, பின்னாலிருந்து 'நிழல்' என்று சுத்தமாகக் கேட்டிருக்கிறது. நஞ்சுண்டன் இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாராம். "என்ற புள்ள 'ழ' சொல்லிட்டாளுங்க நசுருதீன்" என்று எனக்கு ஃபோன் செய்தார். அவள் அந்த வரியை மேடையில் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் அந்த மனிதருக்கு இதைத் தவிர வேறு ஆசை இல்லை.

ஒரே குறை, குடை. மன்னனின் வெண்கொற்றக்குடை, மன்றத்துக்கு நன்கொடை தரும் ஒரு ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டின் கோல்ஃப் குடை. அதில் அவர் முகம் அச்சாகியிருந்தது. மேலே வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். விளக்கு பட்டால் முகம் மெல்ல வெளியே வரும். ஆடு மேய்க்கிற சிறுமிக்குக் கொடுத்தது டாலர் கடைக் குழந்தைக் குடை. "அப்பா, இட் ஹேஸ் டக்ஸ் ஆன் இட்" என்றாள் வான்மதி. அதில் பதினொரு வாத்துகள் இருந்தன. "ஐ ஹேவ் எ சீரியஸ் ரோல்."

இந்த நிலைமையில்தான் கம்பெனி அவரை ஜனவரியில் ஒரு வாரம் பிரான்சுக்கு அனுப்பியது. பாரிஸுக்கு அல்ல. தென்மேற்கு மூலையில், மலையடிவாரத்தில் ஒரு ஊர். எண்ணெய்க் கம்பெனிக்காரர்களைத் தவிர கேட்டியில் யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் நிறைய எழுதிவிட்டுக் கொஞ்சமாக உச்சரிப்பவர்கள். அந்த ஊரை பி, ஏ, யூ என்று எழுதிவிட்டு 'போ' என்று சொல்கிறார்கள்.

படிவம் 7-அ தமிழில் மட்டுமே நிரப்பக்கூடியது. ஆங்கில எழுத்தைத் தட்டினால் சிவப்பாகக் கத்தும். நஞ்சுண்டன் உண்மையை உள்ளபடி நிரப்பினார்.

செல்லும் ஊர்: போ.
காரணம்: வேலை இருக்கிறது.
மன்றத்துக்குச் சொல்ல விரும்புவது: ஒன்றுமில்லை.

மூன்றையும் சேர்த்துப் படித்துவிட்டு, வழிகாட்டுக் குழுத் தலைவி ஷ்யாமளா அன்று மத்தியானமே அவசரக் கூட்டம் கூட்டினார்.

கூட்டம் மயில்சாமி வீட்டு மீடியா ரூமில் நடந்தது. நிர்வாகிகளுக்கெல்லாம் சாய்வு சோபா. பொத்தானை அழுத்தினால் கால் தானாக மேலே எழும்பும். விசாரணைக்கு வருகிறவருக்கு மட்டும் மடக்கு நாற்காலி. நஞ்சுண்டன் அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பவளம் பின்னால் நின்றாள். எதிரே ஐந்து ஜோடிப் பாதங்கள் மேலே எழும்பி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"செல்லும் ஊர் எதுன்னு மன்றம் டீசன்ட்டா கேட்டிருக்கு. என்ன எழுதினீங்க?" என்றார் மயில்சாமி.

"போங்க."

"எங்க போகச் சொல்றீங்க?"

"ஐயோ இல்லீங்க. ஊர் பேருங்க. போ."

"பாருங்க! எழுதினது போதாதுன்னு நேர்லயும் சொல்றார்!" என்றார் ஷ்யாமளா. "போ, வேலை இருக்கு, சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. இருபத்திரண்டு வருஷமா இந்த ஊர்ல கமிட்டில இருக்கேன், ஒருத்தர் என்னை இப்படி ட்ரீட் பண்ணினதில்ல."

நான் ஃபோனில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். மயில்சாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பாவ்னுதானே போட்டிருக்கு? பாவ்னு எழுத வேண்டியதுதானே?"

"அது பாவ் பாஜிங்க. இது போங்க" என்றார் நஞ்சுண்டன்.

"மறுபடியும் போங்கறார்!"

இது இருபது நிமிடம் நடந்தது. ஊர்ப் பெயரை மரியாதையோடு சொன்னால் தலைவரை வெளியே அனுப்புகிற மாதிரி இருந்தது. மரியாதை இல்லாமல் சொன்னால் துரத்துகிற மாதிரி இருந்தது. நஞ்சுண்டனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. கடைசியில் பவளத்துக்குப் பொறுக்கவில்லை. "சரிதான் போ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"இப்ப என்ன சொன்னீங்க?" என்றார் மயில்சாமி.

"ஊர் பேர் சரிதான்னு சொல்றாங்க" என்றேன் நான். துணைச் செயலாளராக என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சாமர்த்தியமான காரியம் அது. அந்தச் சூட்டிலேயே ஒரு தீர்மானமும் முன்மொழிந்தேன். எல்லோருக்கும் பசி வந்துவிட்டதால் ஒருமனதாக நிறைவேறியது. குறிப்பேட்டில் உள்ளபடி தருகிறேன்:

'தீர்மானம் 31. "போ" என்பது பிரான்ஸ் நாட்டு ஊர் என மன்றம் ஏற்கிறது. மன்ற ஆவணங்களில் அவ்வூர் இனி உரிய மரியாதையுடன் "போங்கள்" எனக் குறிக்கப்படும். திரு. நஞ்சுண்டனோ அவர் குடும்பத்தாரோ "போ" என்று சொன்னால், எங்கே, யாரிடம் சொன்னாலும், அது ஊர்ப் பெயராகவே கொள்ளப்படும். ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியதல்ல.'

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்திய மயில்சாமி, கால் பாதி இறங்கியபோது திடுக்கிட்டார். "ஒரு நிமிஷம். டிராமால அந்தக் குழந்தை என்னைப் பார்த்து என்ன சொல்லுது?"

சோபா மட்டும் உர்ரென்று இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஒத்திகையில் வசனம் மாறியிருந்தது: 'மாண்புமிகு மன்னா, தாங்கள் என் நிழலை விட்டுச் சற்றுத் தள்ளிப் போங்கள்.' மாற்றத்துக்கான காரணத்தைத் தலைவர் குழந்தைகளுக்கு விளக்கினார். "மன்னன் கொடுங்கோலன்தான், நான் ஒத்துக்கறேன். ஆனா பதவில இருக்கான் இல்லையா? கொடுங்கோல் வேற, பதவி வேற. கொடுங்கோல் இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். பதவி போகலாமா? போகக் கூடாது. அதான் நானே நாலு டெர்மா இருக்கேன்."

"அங்கிள், ஷீ இஸ் மேட் அட் ஹிம்" என்றாள் வான்மதி. "மேட் பீப்பிள் டோன்ட் ஸே 'சற்று'."

"மாத்தினபடி சொன்னா உனக்கு ரோல். இல்லேன்னா ரக்ஷா சொல்லுவா." ரக்ஷா அப்போது ஆடாக நடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அன்று காரில் வான்மதி வசனத்தைச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாளாம். வீட்டு கராஜில் இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா, கேன் யூ அட்லீஸ்ட் கெட் மீ எ ரியல் அம்ப்ரெல்லா?" நஞ்சுண்டன் "சரிங்க கண்ணு" என்றார்.

புறப்படும் முன் குழு அவரிடம் இரண்டு பொருள்களை ஒப்படைத்தது. ஒன்று, நாற்பத்தொரு உறுப்பினர்கள் கேட்ட சாமான்களின் பட்டியல். என் மனைவி அமீருன்னிசாவின் சென்ட் பாட்டிலும் அதில் இருந்தது என்பதை வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன். இன்னொன்று, 'பிரான்சில் எங்கே வாங்குவது' என்ற வழிகாட்டி. ஷ்யாமளா இயற்றியது. சென்னைக்குப் போகும் வழியில் பாரிஸ் விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் காத்திருந்து, கேட் நம்பர் இருபத்தொன்றுக்கும் முப்பதுக்கும் இடையில் நடத்திய ஆய்வின் பயன். முதல் பக்கத்தில், 'பிரான்ஸ் முழுவதும் ஏசி போடப்பட்டுள்ளது. நாடெங்கும் நகரும் நடைபாதை உண்டு' என்று இருந்தது. பேரம் பேசும் அத்தியாயம் நாலே வரி: 'கடைக்காரரிடம் பேசாதீர்கள். பேசினால் விலை ஏறும். பொருளைப் பிடிக்காத மாதிரி பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். கூப்பிடுவார்கள்.'

"இது எல்லாம் பாரிஸ்ங்க. நான் போற ஊருக்கும் பாரிஸுக்கும் எண்ணூறு கிலோமீட்டருங்க" என்றார் நஞ்சுண்டன்.

"அதுக்கென்ன? லஞ்ச் டைம்ல ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க" என்றார் ஷ்யாமளா. "வழிகாட்டில இல்லாத கடைல வாங்கினா அது கொள்முதலே இல்ல. ஜஸ்ட் செலவு."

அங்கே நடந்ததெல்லாம் அவரே பிற்பாடு எனக்குச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் இறங்கியிருக்கிறார். ஊரே அழகாக இருந்திருக்கிறது. ஒரு பக்கம் நீளமாகப் பனி மலை, அதைப் பார்க்கவென்றே ஒரு நடைவீதி, பழைய கோட்டை, சந்து சந்தாகக் கடைகள். எல்லாக் கடையும் பூட்டியிருந்தது. ஞாயிறு விடுமுறை. சரி என்று திங்கள் காலையில் மீட்டிங்குக்கு முன்னால் ஓடிப் பார்த்தார். ஞாயிறு விடுமுறை கழிந்த களைப்பில் பாதிக் கடைகள் திங்கள் காலையும் திறக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை விட்டதும் பறந்தார். கடைக்காரர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். இரண்டு மணிக்குத்தான் வருவார்களாம். இரண்டு மணிக்கு இவருக்கு மீட்டிங். ஆறரைக்கு மீட்டிங் முடிந்து வந்தால், ஏழு மணிக்கு ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஊர் முழுக்கக் கடையாக இருந்தும், வாங்குகிறவர்களைப் பார்க்காமலே வியாபாரம் செய்கிற வித்தை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று வியந்தார்.

இதற்கிடையே மன்றத்தின் வாட்ஸப் குழுவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 'கொள்முதல் நிலவரம்' போட வேண்டும். 'பூட்டியிருக்கிறது' என்று போட்டார். ஷ்யாமளா, 'பக்கத்து டெர்மினலில் பாருங்கள்' என்று பதில் போட்டார். 'இரண்டு மணிக்குத் திறப்பார்களாம்' என்று போட்டார். தலைவர், 'அவர்கள் மன்றத் தலைவரிடம் பேசுங்கள்' என்று போட்டார்.

புதன்கிழமை மீட்டிங் பாதியில் முடிந்தது. பதினொன்றரைக்கு மழைத் தூறலில் நடந்தபோது ஒரு சந்தில் குடைக் கடை கண்ணில் பட்டது. குடை மட்டுமே விற்கிற கடை. கண்ணாடிக்குப் பின்னால் நீலத்தில் ஒரு பெரிய குடை விரிந்திருந்தது. மரக் காம்பு, பிரம்புக் கம்பிகள், தடித்த துணி. அட்டையில் ஏதோ எழுதி, பக்கத்தில் ஒரு ஆட்டுப் படம் போட்டிருந்தது. மலையில் ஆடு மேய்ப்பவர்களுக்கென்றே அந்த ஊரில் செய்கிற குடையாம். நஞ்சுண்டனுக்குக் கால் நகரவில்லை. ஆடு மேய்க்கிற பெண்ணுக்கு, ஆடு மேய்ப்பவர்களின் குடை.

ஆனால் அவர் வழிகாட்டியைப் படித்தவர். உள்ளே போனார். கடைக்கார அம்மாள் "பொன்ழூர்" என்று வணக்கம் சொன்னாள். இவர் பேசவில்லை. அவள் இன்னொரு முறை சொன்னாள். இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, குடையைப் பிடிக்காத மாதிரி பார்த்தார். அதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். பிறகு வெளியே வந்து நின்றார். கூப்பிடுவார்கள் என்று நின்றார். மழை வலுத்தது. கால் மணி நேரம் நின்றார். பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மாள் வெளியே வந்தாள். இவர் முகம் மலர்ந்து ஓரடி முன்னே வைத்தார். அவள் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனாள்.

அவள் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோதும் இவர் அங்கேயே நின்றிருந்தார். குடைக் கடை வாசலில், தெப்பமாக நனைந்து. அவள் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பாள். இப்படி ஒருவரைப் பார்த்திருக்க மாட்டாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்து, தலை துவட்டத் துண்டு கொடுத்தாள். அந்த இடத்தில் நஞ்சுண்டன் வழிகாட்டியை மறந்துவிட்டார். "பொன்ழூருங்க" என்றார். அப்புறம் எல்லாமே சுலபமாக நடந்தது. ஃபோனில் மகள் படத்தைக் காட்டினார். ஆடு மாதிரி கத்திக் காட்டினார். மன்னன் மாதிரி மார்பை நிமிர்த்திக் காட்டினார். மன்னனை விரட்டுகிற வசனத்தை, கையை நீட்டி, முழுதாகச் சொல்லிக் காட்டினார். கடைசிச் சொல் மட்டும் அவளுக்குப் புரிந்தது. "போ! வீ, வீ, போ!" என்று ஆமோதித்துச் சிரித்து, ஜன்னலுக்கு வெளியே ஊரையே கை காட்டினாள். குடைக்கு அவளே ஒரு பட்டு நாடா கட்டிக் கொடுத்தாள்.

பட்டியலையும் அவர் மறக்கவில்லை. பச்சைச் சிலுவை மாட்டிய ஒரு மருந்துக் கடையில், நாற்பத்தொரு பேருக்கும் நாற்பத்தொரு லிப் பாம் வாங்கினார்.

வியாழக்கிழமை திரும்பியவரை வெள்ளிக்கிழமை தணிக்கைக்குக் கூப்பிட்டார்கள். மறுநாள் விழா. லிப் பாம்களை வழிகாட்டியின் நாற்பத்தாறு பக்கங்களிலும் தேடினார்கள், கிடைக்கவில்லை. 'கணக்கில் வராத உதட்டுப் பொருள்' என்று என்னை எழுதச் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். குடையை மயில்சாமி விரித்தார். டேப் எடுத்து அளந்தார். பிறகு தன் வெண்கொற்றக்குடையை அளந்தார். மறுபடி இதை அளந்தார்.

"இது நாலு இஞ்ச் பெருசா இருக்கு" என்றார். குரலில் பெரிய துயரம். "மன்னன் குடையை விட ஆட்டுக்காரி குடை பெருசா இருந்தா ஆடியன்ஸ் கன்ஃப்யூஸ் ஆயிடுவாங்க. யார் மன்னன்னு எப்படித் தெரியும்?"

"கிரீடம் வெச்சிருப்பீங்களேங்க" என்றார் நஞ்சுண்டன்.

"கிரீடம் யார் வேணா வெக்கலாம். குடை ரிஜெக்டட். வாத்துக் குடைதான். டயலாக்ல 'போங்கள்' இல்லேன்னா அதுவும் கிடையாது."

நஞ்சுண்டன் "சரிங்க" என்றார். குடையை நாடாவால் கட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. இந்த மன்றத்தில் ஆறு வருடமாக நாற்காலி அடுக்கியதற்காக முதல்முறையாக என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

சனிக்கிழமை, பள்ளி ஆடிட்டோரியம் நிரம்பிவிட்டது. மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால், நான் மைக் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். வாத்துக் குடையைக் காணோம் என்று ஷ்யாமளா அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்து கவலைப்பட்டேன். எழுந்திருக்க மட்டும் இல்லை, அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

மன்னன் வந்தார். விளக்கு பட்டதும் வெண்கொற்றக்குடையிலிருந்து ரியல் எஸ்டேட் ஏஜென்ட் மெல்லச் சிரித்தார். மன்னன் வசனம் பேசினார், இன்னும் பேசினார், நாடகத்தில் இல்லாத நன்றியுரையும் பேசினார். ரக்ஷா ஆடாகத் தவழ்ந்து வந்து இருமுறை கத்தினாள். அடுத்து வான்மதி. குடை இல்லாமல் அவள் ஓரத்தில் நின்றாள்.

அப்போது என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. நீலக் குடை. நஞ்சுண்டன் அதை மகள் கையில் வைத்தார். "நீங்க கத்துக்கிட்டதையே சொல்லுங்க சாமி" என்றார்.

வான்மதி மேடைக்கு நடந்தாள். குடையை விரித்தாள். பட்டென்று ஒரு சத்தம். பிரம்புக் கம்பி ஒன்று மன்னனின் கிரீடத்தைத் தட்டிவிட, அது உருண்டு போய் ஆட்டின் முன்னால் நின்றது. மன்னன் குடையிலிருந்த ஏஜென்ட் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். மன்னன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தது என் மைக்கில் ஊருக்கே கேட்டது: "போங்கள்... போங்கள்னு சொல்லு..."

வான்மதி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் நிழலை விட்டுத் தள்ளிப் போ!"

ழகரம் கணீரென்று விழுந்தது. அப்புறம் கைதட்டல். மடக்கு நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மடங்குகிற அளவுக்கு ஜனங்கள் எழுந்து நின்றார்கள். ஓரத்தில் நஞ்சுண்டன் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கியது. அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

திரை விழுந்ததும் அங்கேயே அவசரக் கூட்டம். மயில்சாமி கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குதித்தார். "எண்ணூறு பேர் முன்னாடி! என்னைப் பார்த்து! எழுதுங்க நசுருதீன், டிசிப்ளினரி ஆக்‌ஷன்! மூணு வருஷம் மேடை கிடையாது!"

நான் குறிப்பேட்டைத் திறந்தேன். ஆறு வருடத்தில் முதல்முறையாக அதை ஒருவர் படிக்கக் கேட்டார்கள். தீர்மானம் 31-ஐ நிறுத்தி நிதானமாகப் படித்தேன். "...அவர் குடும்பத்தாரோ 'போ' என்று சொன்னால், எங்கே, யாரிடம் சொன்னாலும், அது ஊர்ப் பெயராகவே கொள்ளப்படும்." கீழே கையெழுத்து, மயில்சாமி.

"குழந்தை ஊர் பேரைச் சொல்லியிருக்கு தலைவரே" என்றேன்.

தலைவர், பிடிக்க ஏதாவது ஒன்று வேண்டுமே என்று குடையைப் பிடித்துக்கொண்டார். நஞ்சுண்டன் பக்கம் திரும்பினார். "அது இருக்கட்டும். இந்தக் குடையை எங்க வாங்கினீங்க? வழிகாட்டில இருக்கிற கடையா? சொல்லுங்க, எங்க?"

நஞ்சுண்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, தலைவரை நேராகப் பார்த்தார்.

"போ" என்றார்.

பின்னாலேயே 'ங்க' வரும் என்று நான் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தேன். வரவில்லை. 'வாங்கிய இடம்: போ' என்று எழுதிக்கொண்டேன்.